கடிக்காத வேலி

மலைக்குப் போய்ச் சோலார் விளக்கும் வேலியும் பழுது பார்க்கும் வேலையை இந்த மாதத்தோடு விடுகிறேன். இனி எனக்கு அடிவாரத்து அலுவலகத்தில் மேசை வேலை. என் இடத்துக்கு நீங்கள் மூன்று பேர் வருகிறீர்கள். வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை, இன்னும் பால் மறக்காத பிள்ளையை வைத்திருக்கும் நான் எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதிய பிறகும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

சோலார் பெட்டியை எப்படித் திறப்பது, பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். எது சரி என்று தெரியாமல், ஆனால் பொழுது சாய்வதற்குள் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று நான் நின்ற ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டில் சோலார் விளக்கு எரியவில்லை என்று புகார் வந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்காவோடு போனேன். போய்ப் பார்த்தால், வாசலில் நாங்கள் சாய்வாக நிறுத்தியிருந்த சோலார் பலகையைக் கழற்றிப் படுக்கவைத்து, அதன்மேல் மிளகு காயப்போட்டிருந்தார்கள். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற எங்கீங்க காயப்போடுவீங்க?" என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டார்.

"வாசல் பூரா பலாமர நெழலுங்க. வெயில் உழுகறதே இந்த ஒரு எடத்துலதான். பலகையும் சூடா, சுத்தமா இருக்குது. கோழி ஏறுனா வழுக்கி உழுந்துருது. இதவிட என்னங்க வேணும்?"

அந்த வீட்டில் வெயில் விழும் ஒரே இடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு விளக்குக் கொடுத்திருந்தோம். பலகையைக் கூரைமேல் ஏற்றினோம். விளக்கு எரிந்தது. ஒரு சாமான் கெட்டுப்போனால், முதலில் அந்த வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். அக்கா இதை வாயால் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள்.

திண்ணனூர் நாடு என்ற மலை ஊர்க் கூட்டத்தில் ஒரு சிற்றூர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து போக வேண்டும். அங்கே சீரங்கன் என்பவர் மரவள்ளி போட்டிருந்த குச்சிக்கிழங்குக் காட்டைச் சுற்றி நாம் சோலார் வேலி போட்டிருந்தோம். காட்டுப்பன்றி கம்பியைத் தொட்டால் சுரீரென்று ஒரு அடி விழும், உடனே விட்டுவிடும். அடுத்த அடிக்கு முன்னால் பன்றி ஓடிவிடலாம். மனிதர் தொட்டாலும் வலிக்கும், சாக மாட்டார்கள். இந்த வேலியின் அருமையே அந்த விட்டு விட்டு விழும் அடிதான். வீட்டுக் கரண்டு அப்படி விடாது. பிடித்தால் பிடித்ததுதான்.

வைகாசி மாதம். கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. சீரங்கன் போன் செய்தார்.

"மேடம், உங்க வேலி கடிக்கிறதில்லீங்க. பன்னிங்க குடும்பத்தோட வந்து விருந்து சாப்ட்டுட்டுப் போவுது."

அன்று என் மகளுக்கு இருமல். போகலாமா, மறுநாள் போகலாமா என்று தவித்தேன். என் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அன்று அவருக்கு விடுமுறை. "போயிட்டுச் சாயந்தரம் வந்துரு, நான் பாத்துக்கறேன்" என்றார். பஸ் வளைவு வளைவாக ஏறிப் போகும்போதெல்லாம் இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தது.

வேலியில் ஓடும் மின்சாரத்தை அளந்து பார்த்தேன். இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. பாறைமேல் ஏறி நின்றால்தான் அங்கே போன் எடுக்கும். அலுவலகத்துப் பொறியாளரைக் கூப்பிட்டேன். பேட்டரியாக இருக்கும், அடுத்த வாரம் புதிது அனுப்புகிறேன், அதுவரை அடிக்கம்பியை மட்டும் கழற்றிவிடு, மற்ற கம்பிகளுக்குப் பலம் வரும் என்றார். அடிக்கம்பிக்குக் கீழேதான் பன்றி நுழைகிறது. அதைக் கழற்றினால் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. வேலி ஓரம் நடந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. மழையில் புல்லும் கொடியும் கொழுத்து வளர்ந்து அடிக்கம்பியில் படர்ந்திருந்தன. பன்றிக்குப் போக வேண்டிய அடியெல்லாம் புல் வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை ஓரத்தை வெட்டிவிட வேண்டும் என்று வேலி போட்ட அன்றே சொல்லியிருந்தோம். சீரங்கனும் தவறாமல் வெட்டுகிறவர்தான்.

"ஏனுங்கண்ணா, ஓரம் வெட்டலையா?"

"காப்புக் கட்டியிருக்குதுங்களே. நோன்பு முடியற மட்டும் பச்சையில அருவா படக்கூடாது."

அம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊர் எல்லைக்குள் பச்சை மரம், செடி எதையும் வெட்ட மாட்டார்கள். நம் பயிற்சிப் புத்தகத்தில் புல் வெட்ட வேண்டும் என்று இருக்கிறது. எந்த மாதம் வெட்ட மாட்டார்கள் என்று இல்லை. நோன்பு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் பன்றிகள் காட்டை உழுதுவிடும்.

வேலிக்கு அடியைக் கொடுக்கும் சோலார் பெட்டி இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். காய்ந்த வாழைமட்டை ஒன்று வேலிக்கம்பத்தில் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதை நகர்த்தினேன். பின்னால் ஒரு கறுப்பு ஒயர். ஒரு முனை வீட்டுக் கரண்டு இருக்கும் மோட்டார்க் கொட்டகைக்குள் போனது. மறுமுனை வேலிக் கம்பியில் சுற்றப்பட்டிருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"அது சும்மா கெடக்குதுங்க."

"சும்மா கெடக்கற ஒயருக்கு எதுக்குங்க புது டேப்பு?"

அவர் மலையைப் பார்த்தார். "ராத்திரிக்கு மட்டுந்தானுங்க. ஒரு பன்னி உழுந்துச்சுன்னா மத்ததெல்லாம் இந்தப் பக்கம் தல வெக்காது. விடியறதுக்கு முன்னால நானே எந்திரிச்சு நிறுத்திப்போடுவேன்" என்றார்.

"நேத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க. இன்னிக்குத்தான் போடலாம்னு."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நானும் நின்றேன். என் போனில் லைன்மேன் எண் இருந்தது. பாறைமேல் ஏறிக் கூப்பிட்டால் அவர் வருவார், இணைப்பைத் துண்டிப்பார், வழக்கும் வரும். விதிப்படி அதுதான் செய்ய வேண்டியது. ஆனால் அவர் கீழிருந்து வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதோடு, நான் காட்டிக் கொடுத்தேன் என்று தெரிந்த பிறகு, இந்த மலையில் வேலி கடிக்கவில்லை என்று எவரும் நமக்குப் போன் செய்ய மாட்டார்கள். சத்தமில்லாமல் ஒயரைப் போட்டுக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டு, நாளை ஒரு உயிர் போனால்? அந்தப் பாவம் யாருக்கு? இரண்டு பயமும் ஒரே அளவாக இருந்தன. நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"நாளைக்கு விடியக்காலம் இந்த வழியா மொதல்ல யாருங்கண்ணா நடப்பாங்க?"

காட்டை ஒட்டிய வீட்டு வாசலில் புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்த்துக்கொண்டிருந்த சீரங்கனின் மனைவி செல்லாயி தலையைத் தூக்கினார்.

"நாந்தான் நடப்பேன். நாளைக்குத் தீர்த்தக்குடம் எடுக்கறது நாந்தான். ஏன் கண்ணு கேக்கற?"

ஓடையில் முழுகி, ஈரச் சேலையோடு, செருப்பில்லாமல், தலையில் குடத்தோடு வர வேண்டும். ஓடைப் பாதை அந்த வேலியை ஒட்டித்தான் போகிறது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத பாதை. நான் ஒயரைக் காட்டினேன். செல்லாயி எழுந்து வந்து பார்த்தார். கையில் புளி அப்படியே இருந்தது.

"ஏனுங்க, அந்த ஒயருக்குப் பன்னி எது, பொண்டாட்டி எதுன்னு தெரியுங்களா?"

"நிறுத்திப்போடுவேன்னு சொல்றனல்ல புள்ள."

"நிறுத்துவீங்க. பொங்கலன்னிக்கே மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புனவ நானு."

சீரங்கன் கொட்டகைக்குள் போய் ஒயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சுருட்டித் தரையில் போட்டார். கோபம் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது.

"கழட்டிப்போட்டேன். சரிங்க. ராத்திரிக்குப் பன்னி வரும். அதுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க நாலு வார்த்த சொல்லிப்போட்டுப் பஸ் ஏறிருவீங்க. போன மழைக்குப் பாதிக் காடு போச்சு. இந்தக் கெழங்கும் போனா பொறவு நாங்க கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டியதுதான். புள்ளைங்க படிப்பெல்லாம் அத்தோட சரி."

"நான் போகலைங்கண்ணா. ராத்திரிக்கு இங்கயே இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் மகளின் இருமல் ஞாபகம் வந்தது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு இரவுகூட நான் அவளை விட்டு இருந்ததில்லை.

புல்லை என்ன செய்வது? நான் வெளியூர்க்காரி, எனக்குக் காப்பு இல்லை, நான் வெட்டினால் என்ன என்று தோன்றியது. கூரையில் செருகியிருந்த அரிவாளைக்கூட எடுத்துவிட்டேன். செல்லாயி என் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே செருகினார். "எல்லைக்குள்ள நின்னு வெட்டுனா யாரு வெட்டுனா என்ன கண்ணு" என்று மட்டும் சொன்னார். நல்ல எண்ணத்தோடு நான் செய்யப்போன பெரிய தவறு அது. செய்திருந்தால் பன்றி வராமல் இருந்திருக்கும். நாமும் அந்த ஊருக்குள் திரும்ப வந்திருக்க முடியாது.

அப்போது பக்கத்து வீட்டு வீராயியின் ஆடு ஒன்று வேலிப் பக்கம் போய்க் கொடியை இழுத்துத் தின்றது. வேலியில் பலமில்லை என்பது ஆட்டுக்கும் தெரிந்திருந்தது. சீரங்கன் இருந்த கோபத்தையெல்லாம் அதன்மேல் காட்டினார்.

"ஏ வீராயி, உன்ர ஆட்டப் புடி. நோம்பி நாள்ல பச்சையக் கடிக்குது பாரு."

வீராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏனுங்க மாமா, உங்க அருவாளுக்குத்தான் காப்பு. எங்க ஆட்டு வாய்க்கு யாரு காப்புக் கட்டுனா?"

செல்லாயி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நெசமாவே ஆடு மேயலாமா?" என்று செல்லாயியைக் கேட்டேன். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆடு வழக்கமாக மேயும். ஆனால் ஒரு வேலையாக, வேண்டுமென்றே, வெட்டுவதற்குப் பதிலாக மேயவிடலாமா? கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பூசாரியிடம் எல்லோருமாகப் போனோம். அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்து யோசித்தார்.

"ஆடு என்னிக்கு நோம்பி இருந்துச்சு? மேயட்டும். ஓட்டறவங்க கையில அருவா இருக்கக்கூடாது, கொப்பு ஒடிக்கக்கூடாது. அவ்வளவுதான். அம்மா ஒண்ணும் சொல்லாது."

பிறகு அந்தச் சாயங்காலம் முழுக்க நான் ஆடு மேய்த்தேன். படித்த படிப்புக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது. பெட்டியை நிறுத்திவிட்டு, வீராயியின் ஆடுகளையும் இன்னும் இரண்டு வீட்டு ஆடுகளையும் வேலி ஓரமாகவே ஓட்டினோம். ஆடு நாம் சொல்லும் இடத்தில் தின்னாது. உள்ளே தெரியும் கிழங்கு இலைதான் அதற்கு வேண்டும். வீராயி அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டினார். ஆடு தொடாத கொடிகளை, வெட்டாமல் வளைத்து, காய்ந்த வாழைநாரால் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். கட்டுவதற்குத் தடையில்லை என்று செல்லாயியே சொல்லிவிட்டார். சீரங்கன் முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு அவரும் வந்து நார் கிழித்துக் கொடுத்தார்.

நடுவில் ஒருமுறை பாறைமேல் ஏறி வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாப்பா?"

"அழுதா. உன் சேலையப் போத்தியிருக்கேன். இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கா. எத்தன மணி பஸ்ஸு?"

"இன்னிக்கு வரலைங்க."

"அங்க என்ன பண்ற?" என்றார்.

"ஆடு மேய்க்கறேன்."

"என்னது?"

விளக்கமாகச் சொல்வதற்குள் சத்தம் அறுந்துவிட்டது. அந்த இரவு முழுவதும் என் கணவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அழும்போது நான் ஒரு கிழங்குக் காட்டில் நிற்கிறேன், இது சரியா என்று யாரிடம் கேட்பது? இதற்குப் பதில் தெரிந்தால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

பொழுது இறங்கும்போது பெட்டியைப் போட்டு அளந்தேன். முழுப் பலம் வரவில்லை. பன்றிக்குப் போதும் என்ற அளவுக்கு வந்திருந்தது. போதும் என்று சொன்னது நான். போதுமா என்று எனக்கே தெரியாது. சீரங்கன் என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை, "போதுங்கண்ணா" என்றேன். சில சமயம் நம்மால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். சொல்லிவிட்டுப் பஸ் ஏறினால் அது பொய்.

வீட்டுக்குள் போகும் முன் செல்லாயி வழிமறித்தார். "முட்ட கிட்ட சாப்ட்டயா கண்ணு இன்னிக்கு?" காலையில் மகள் மிச்சம் வைத்த அரை முட்டையைத் தின்றிருந்தேன். சொன்னேன். நோன்பு வீட்டுக்குள் அப்படியே போக முடியாது. வெளியிலேயே இரண்டு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, அவருடைய சேலை ஒன்றைக் கொடுத்து உள்ளே விட்டார்.

விடியற்காலை பெண்கள் ஓடைக்குக் கிளம்பியபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் கோழி கூவியதும் பெட்டியை நிறுத்துவதாகச் சீரங்கன் இரவே ஒப்புக்கொண்டிருந்தார். பெட்டிச் சாவியும் அவரிடம்தான். போகும்போது வேலியை விட்டு ஒதுங்கி நடந்தோம். திரும்பும்போது செல்லாயி குடத்தோடு முன்னால் நடந்தார். ஈரத்தில் பாதை வழுக்கியது. அவர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார். ஈரச் சேலைத் தலைப்பு கம்பியில் உரசியது.

"ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். தோள் துள்ளியது. குடத்துத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. குடம் விழவில்லை. ஒரு மூச்சு நின்றுவிட்டு மறுபடி நடந்தார்.

வேலிக்கு வெளியே ஈர மண்ணில் பன்றிக் குளம்புகள் கம்பி வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில், டார்ச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு சீரங்கன் தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் காவல் இருந்த மனிதர். பேச்சுச் சத்தத்தில் எழுந்து, மனைவியின் முகத்தில் வழியும் தண்ணீரைப் பார்த்தார். நிறுத்தாத பெட்டியைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோயிலில் பூசாரி குடத்தை இறக்கினார். "ஏன் தாயி, குடம் இப்படித் தளும்பியிருக்குது?"

"வழியில எறும்பு கடிச்சுருச்சுங்க" என்றார் செல்லாயி.

"இந்தக் குளிர்ல என்ன எறும்பு?"

"கட்டெறும்புங்க" என்றார். கூடவே வந்து நின்ற கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். லைன்மேனிடம் நான் பேசப்போகிறேன், கொட்டகை ஒயரிங்கைச் சரிபார்க்க வரச் சொல்லப்போகிறேன், நடந்ததை மறைக்க மாட்டேன் என்று சீரங்கனிடம் முதலில் சொன்னேன். யாரிடம் எதைச் சொல்வதானாலும் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். இது ஒன்றைத்தான் நான் உறுதியாக உங்களுக்குச் சொல்ல முடியும். அவர் தலையாட்டினார். பிறகு உள்ளே போய், முந்தின நாள் சுருட்டிப் போட்ட ஒயரை ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"இத நீங்களே கொண்டு போயிருங்க மேடம்" என்றார். "ஊட்ல இருந்துச்சுன்னா, இன்னொரு நாள் பன்னி வாரப்ப, மறுபடியும் கை அங்கதான் போகும்."